உள்ளத்து வடுவும் அதன் மருத்துவமும்

துயருற்றவரைக் காணச் செல்லும் நாம் அன்பின் மிகுதியால் சொல்லிவரும் ஒரு சொல் உண்டு. "நடந்தது நடந்துவிட்டது, அதை மறந்துவிடு" என்பதே அது. சாவு வீட்டுத் திண்ணையிலும் மருத்துவமனை வாசலிலும் இதனை எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஆயினும், பெருங்கொடுமையைக் கண்ணால் கண்டு மீண்டவர் சிலருக்கு இச்சொல் பயன்படுவதில்லை. மறக்க முயலுவதே அவருடைய நோய்க்கு உரமாகிறது என்பது கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டும் உண்மை.

தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் குடியிருப்புகள் உள்ளன. அகதிகள் முகாம் என்று வழங்கப்பட்ட இவை 2021-ஆம் ஆண்டு முதல் மறுவாழ்வு முகாம்கள் எனப்படுகின்றன. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கையிலிருந்து அலை அலையாகக் கடல் கடந்து வந்தோரும், அவர்தம் மக்களும், பேரர்களும் தமிழகத்தின் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். இளையோர் பலர் அத்தீவைக் கண்டதேயில்லை. மூத்தோர் சிலருக்கோ, வானில் ஓர் இரைச்சல் கேட்டால் இன்றும் நெஞ்சு படபடக்கலாம். குண்டு விழுந்து முப்பது ஆண்டு கடந்தும் உடல் அதனை நேற்று நிகழ்ந்ததாகவே எண்ணுகிறது.

இந்நிலையை ஈழத்து மருத்துவர்கள் 'மனவடு' என்ற அழகிய தமிழ்ச் சொல்லால் குறித்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் அம்மண்ணிலேயே தங்கி இதனை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோய்க்குத் தன் ஏட்டில் இடமளித்தது 1980-இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலை அதற்கு ஒரு பெருங்காரணம். நம் பாட்டிமார் 'பயந்த கோளாறு' என்று சொல்லி வந்ததும் இதனின்று வெகு தூரத்தில் இல்லை.

அடையாளங்கள் இவை: கொடுங்கனவு; விழித்திருக்கையிலேயே அந்நிகழ்ச்சி மீண்டும் நடப்பது போன்ற உணர்வு; அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஒதுக்குதல்; தூக்கமின்மை, திடுக்கிடல், காரணமற்ற சினம்; தன்மீதே பழி சுமத்திக் கொள்ளுதல். ஒரு திங்களுக்கு மேலும் இவை நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது நோய். சில வீடுகளில் இது குடிப்பழக்கமாகவும், மருந்துக்குக் கட்டுப்படாத தலைவலியாகவும் வேடம் பூண்டு வரும். நாமோ குடிகாரன் என்று திட்டிவிட்டு அப்பால் செல்கிறோம்.

ஏன் இந்நினைவு ஆறுவதில்லை? ஜெர்மனி நாட்டுக் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவுவர், பிராங்க் நொய்னர், தோமாஸ் எல்பர்ட் ஆகியோர் இதனை எளிதாக விளக்குகின்றனர். நினைவில் சூடானது, ஆறியது என இரு கூறுகள் உள்ளன. கண்ட காட்சி, கேட்ட ஓசை, மூக்கில் ஏறிய புகை, இதயத் துடிப்பு ஆகியவை சூடான கூறு. அது எந்த ஆண்டு, எந்த ஊர், முன்னர் என்ன நடந்தது, பின்னர் என்ன நடந்தது என்னும் ஒழுங்கு, ஆறிய கூறு. சாதாரண நினைவில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கும். பேரச்சத்தில் பதிந்த நினைவிலோ சூடு மட்டும் நின்று, நாளும் இடமும் கழன்றுவிடுகின்றன. ஆதலால் அது 'அன்று' ஆகாமல் எப்போதும் 'இன்று' ஆகவே இருக்கிறது.

இதற்கு அவர்கள் வகுத்த மருத்துவம், வாழ்க்கைக் கதையை முழுதும் சொல்லச் செய்தல். முதலில் நோயைப் பற்றி விளக்குவர். பின்னர் ஒரு நீண்ட கயிற்றைத் தரையில் விரிப்பர். அக்கயிறுதான் அவருடைய வாழ்நாள். பிறப்பு தொடங்கி, மகிழ்ந்த காலங்களுக்கு ஒவ்வொரு பூவும், துன்புற்ற காலங்களுக்கு ஒவ்வொரு கல்லும் வைக்கச் சொல்வர். கயிற்றின் மறுமுனையை விரிக்காமல் சுருளாகவே விட்டுவைப்பர். அது இனி வரும் நாட்களுக்கு. கற்களோடு பூக்களும் அக்கயிற்றில் கிடப்பதைத் தம் கண்ணாலேயே காண்பது பலருக்குப் புதுமையாக இருக்கும்.

அடுத்த அமர்வுகளில் கதை வரிசையாகச் சொல்லப்படுகிறது. கல் இருக்கும் இடம் வந்ததும் ஆலோசகர் வேகத்தைக் குறைக்கிறார். "அப்போது என்ன கண்டீர்கள்? உடலில் என்ன உணர்ந்தீர்கள்? இப்போது, என் முன்னே அமர்ந்திருக்கையில், என்ன உணர்கிறீர்கள்?" என்று அன்றையும் இன்றையும் மாற்றி மாற்றி வினவுகிறார். அச்சம் உச்சத்தில் நிற்கையில் எழுந்து விடுவதில்லை. அது தணியும் வரை உடனிருக்கிறார். சொன்னதை எழுதி மறு அமர்வில் படித்துக் காட்டுகிறார். விடுபட்டவை சேர்க்கப்படுகின்றன. முடிவில் அந்த எழுத்துப்படி அவர் கையிலேயே தரப்படுகிறது.

நம் வாசகர்களுள் சிலர் இதனைப் பாவசங்கீர்த்தனத்தோடு ஒப்பிடக்கூடும். ஒப்புமை பாதி தூரம்தான் செல்லும். இங்கே சொல்பவர் குற்றவாளியல்லர். அவருக்குக் குற்றம் இழைக்கப்பட்டது.

இதனால் பயனுண்டு என்பதற்குச் சான்று யாது? உகாண்டாவில் தங்கியிருந்த சூடான் அகதிகள் 43 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, கதை சொல்லும் மருத்துவம் பெற்றோரில் 29 விழுக்காட்டினருக்கே நோய் எஞ்சியிருந்தது. நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் பெற்றோரில் 80 விழுக்காட்டினருக்கு அது நீங்கவில்லை.

இன்னொன்று தமிழ்க் குழந்தைகளைப் பற்றியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில், போரும் அலையும் சேர்ந்து வாட்டிய 31 சிறார்க்கு ஆறு அமர்வுகள் நடத்தப்பட்டன. ஒரு சாரார் கதை சொல்லினர். மறு சாரார் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஆறு திங்கள் கழித்து முதல் சாராரில் 81 விழுக்காட்டினரும், மறு சாராரில் 71 விழுக்காட்டினரும் நோயின்றி இருந்தனர். இவ்வேறுபாடு சிறிதே. மருத்துவமே பெறாத குழு ஒன்றும் ஒப்பிடப்படவில்லை. ஆதலால் காலமே ஓரளவு ஆற்றியிருக்கலாம். என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று: அப்பணியைச் செய்தவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், அவர்களுடைய தாய்மொழியிலேயே.

இது ஒன்றே வழி என்றும் எண்ணவேண்டாம். அஞ்சி ஒதுக்குவதைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வது, தன்னைத்தானே பழிக்கும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்துவது, கண்ணசைவோடு நினைவை மீட்பது என வேறு முறைகளும் சான்று பெற்றவை. நினைவை ஒதுக்காமல், துணையோடு அணுகுவதே இவற்றின் பொதுத்தன்மை.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்ததை அறிவோம். அத்தகைய வேளையில் உதவிக்கு ஓடுவோர், "எப்படி நடந்தது, சொல்லுங்கள்" என்று வற்புறுத்தலாகாது. முதல் நாட்களில் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்வது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் ஆகிறது என ஆய்வுகள் காட்டின. அப்போது வேண்டுவது உணவு, பாதுகாப்பு, பிரிந்த உறவினரோடு சேர்த்து வைத்தல், அவராகப் பேசினால் செவிமடுத்தல். முதல் திங்களில் இதற்கெனத் தூக்க மாத்திரைகளைத் தரவேண்டாம் என 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் அறிவுறுத்தியது. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவர். தேறாதோரைத்தான் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

முகாம் வாழ்வின் துயரம் முழுவதையும் மருத்துவம் தீர்க்கும் என்பதும் பேதைமை. குடியுரிமை இல்லாக் கவலைக்கும், ஒண்டுக் குடித்தனத்தின் நெருக்கடிக்கும் கயிறும் பூவும் மருந்தாகா. அவற்றுக்குச் சட்டமும் அரசும் வேண்டும். மனவடுவுக்கோ பயின்ற செவி வேண்டும். அத்தகையோர் இன்னும் நம்மிடையே மிகச் சிலரே. முகாம்களில் இயேசு சபை அகதிகள் பணியகம் போன்றவை நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றன. பங்குப் பள்ளிகளில் ஆசிரியர்களும் கன்னியரும் இருக்கின்றனர். இலங்கையில் பயின்றவர்களைப் போல இவர்களும் பயிலக்கூடியவர்களே.

நோய்க்குறி கண்டால், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். பயணம் இயலாதோர் அரசின் 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.