பத்திரத்தில் ஒரு வரி

"எனக்கப்புறம் உனக்குத்தானேடா? இப்பவே எழுதித் தந்துடறேன்" என்று பாட்டி வீட்டைப் பிள்ளையின் பேருக்கு ரிஜிஸ்தர் செய்து கொடுத்துவிடுகிறாள். அன்று பாயசம் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் நடப்பது, சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா? பாட்டியின் கட்டில் அறையிலிருந்து கூடத்துக்கு வருகிறது. கூடத்திலிருந்து மாடிப்படிக்கு அடியில் போகிறது. இரண்டாம் தரம் காபி கேட்டால் பதில் இல்லை. கண் ஆபரேஷன் 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று தள்ளிக்கொண்டே போகிறது. யாரும் கை நீட்டி அடிக்கவில்லை, வாஸ்தவம். ஆனாலும் இது கொடுமை இல்லாமல் வேறென்ன?

பெற்றோரையும் முதியவர்களையும் பராமரிப்பதற்கென்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் 23-வது பிரிவு நம் பாட்டிக்கென்றே எழுதியது போல இருக்கிறது. 60 வயதானவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டவர் கைவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ வாங்கியதாகவே கருதப்படும். ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். சட்டம் அமலுக்கு வந்தபின் எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

தகராறெல்லாம் அந்த 'நிபந்தனை'யில்தான். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று மட்டும் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், நிபந்தனை இருந்ததென்று நிரூபிக்காவிட்டால் பத்திரம் ரத்தாகாது என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், பராமரிப்பதாக மகன் தனியே எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தையும் சேர்த்துப் பார்த்து, தாயாரிடமே சொத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அதே வருஷம் மார்ச்சில் சென்னை ஹைகோர்ட், அன்பும் பிரியமுமே உள்ளடங்கிய நிபந்தனைதான் என்றது. சந்தோஷம்! ஆனால் கோர்ட் படியேறி இத்தனையும் வாதாடுவதைவிட, 'சாப்பாடு, துணி, வைத்தியம், இருக்க இடம் தரவேண்டும். தவறினால் இந்தப் பத்திரம் ரத்தாகும்' என்று முதலிலேயே எழுதிவிடுவது எவ்வளவோ மேல். பிள்ளை நல்லவனாயிருந்தால் அந்த வரியால் அவனுக்கு என்ன நஷ்டம்? அதற்கும் மனமில்லையென்றால் உயில் எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்க வேண்டும். கார் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸ் அல்ல. ரெவின்யூ டிவிஷனல் ஆபீஸர். மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் அங்கேயே கேட்கலாம். பாட்டியால் நடக்க முடியாவிட்டால், அவள் சம்மதத்தோடு வேறொருவர் மனுச் செய்யலாம். அது பக்கத்து வீட்டு மாமியாகவும் இருக்கலாம். விவரம் கேட்க, முதியோருக்கான டெலிபோன் நம்பர் 14567.