பெரிய மனிதர் கடிதமா? தெரிந்தவர் கடிதமா?

தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர், ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் அவதரித்த தலம்.

"தமிழ்த் தாத்தா" உ.வே.சாமிநாத ஐயர், பழைய ஏடுகளைத் தேடி இந்த ஊருக்கும் வந்தார். இங்கு உள்ள கவிராயர்கள் வீட்டில் பத்துப்பாட்டுச் சுவடியைத் தேடினார்.

அந்த ஐயருக்கு 1880-ம் ஆண்டு கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

பிறகு எப்படி வேலை கிடைத்தது?

அங்கு தமிழ் ஆசிரியராக இருந்த தியாகராச செட்டியார், தன் இடத்துக்கு ஐயரை சிபாரிசு செய்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் நற்சான்று கொடுத்தார்.

செட்டியாரும் ஐயரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தவர்கள். ஐயர் பாடம் சொல்வதை தேசிகர் தன் மடத்திலேயே பார்த்தவர். இருவருமே ஐயரின் புலமையை நேரில் அறிந்தவர்கள். அதனால்தான் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

இன்று சட்டம் படிக்க வெளிநாடு செல்ல விரும்பும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

உள்ளூரில் மார்க்கு, வெளிநாட்டில் கடிதம்

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சேர நற்சான்றுக் கடிதம் தேவை இல்லை. மார்க்கைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு "கிளாட்" என்னும் நுழைவுத் தேர்வு உண்டு.

சட்டப் பட்டம் பெற்ற பிறகு மேல்படிப்புக்கு வெளிநாடு போவது என்றால், கதை வேறு. அமெரிக்காவில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகம் எல்.எல்.எம். படிப்புக்கு இரண்டு கடிதங்களாவது கேட்கிறது. இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டில் பி.சி.எல். படிப்புக்கு மூன்று பேரின் கடிதம் வேண்டும்.

உடனே பலர் என்ன செய்கிறார்கள்? பெரிய மனிதர் வீட்டைத் தேடி ஓடுகிறார்கள்!

அதனால் பயன் இல்லை. பிள்ளையைத் தெரியாத பிரமுகர், "நல்ல குடும்பம்" என்றுதான் எழுத முடியும். பாடம் நடத்திய ஆசிரியரோ, "இந்த மாணவி இப்படி வாதாடினாள், இந்தக் கட்டுரையை இப்படி எழுதினாள்" என்று எழுத முடியும்.

ஆசிரியரும் மறப்பார்

ஆனால் ஆசிரியரும் மனிதர்தானே! ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்கள் வந்து போகிறார்கள். முகம் நினைவு இருக்கும். மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய கட்டுரை நினைவு இருக்குமா?

இராது. அப்போது அவர், "கெட்டிக்கார மாணவி, ஒழுக்கமானவள்" என்று இரண்டு வரி எழுதி முடித்து விடுவார். எல்லோருக்கும் பொருந்தும் கடிதம், யாருக்கும் உதவாது.

ஆழ்வார்திருநகரியில் இருந்து தினமும் பஸ் ஏறி, திருநெல்வேலிக்குப் போய்ச் சட்டம் படித்த பெண் ஒருத்தி என்று வைத்துக் கொள்வோம். அவள் குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. தாமிரபரணித் தண்ணீரில் விவசாயிகளுக்கு உள்ள உரிமை பற்றி அவள் கட்டுரை எழுதினாள். கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளிடம் கேட்டு எழுதினாள்.

இதை ஆசிரியருக்கு நினைவுபடுத்தாவிட்டால், அவ்வளவு உழைப்பும் கடிதத்தில் ஏறாமல் போய்விடும்!

என்னென்ன கொடுக்க வேண்டும்?

ஒரு மாதத்துக்கு முன்பே ஆசிரியரை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும். "உங்களால் என்னைப் பற்றி நன்றாக எழுத முடியுமா, ஐயா?" என்று கேட்பது நல்லது. அவர் தயங்கினால், வேறு ஒருவரைக் கேட்கலாம்.

சம்மதித்தால், ஒரு கோப்பில் இவற்றை வைத்துக் கொடுக்க வேண்டும்:

1. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, ஏன் படிக்க விரும்புகிறோம் என்று ஒரு பக்கக் குறிப்பு.

2. மார்க்குப் பட்டியல். செய்த வேலைகள், பயிற்சிகள் அடங்கிய தன்விவரக் குறிப்பு.

3. அவர் வகுப்பில் எழுதிய நல்ல கட்டுரை ஒன்று. அவர் கைப்படத் திருத்திய பிரதி இருந்தால் மிக நல்லது.

4. அவர் நேரில் பார்த்த சம்பவங்கள் மூன்று, நான்கு. மாதிரி நீதிமன்றத்தில் வாதாடியது, சட்ட உதவி முகாமில் வேலை செய்தது போன்றவை, ஆண்டுடன்.

5. கடைசித் தேதி, கடிதத்தை எப்படி அனுப்புவது என்ற விவரம்.

இரண்டு ஆசிரியர்களிடம் கேட்டால், இருவருக்கும் ஒரே சம்பவத்தைச் சொல்லக் கூடாது. ஒருவர் கட்டுரையைப் பற்றி எழுதட்டும். மற்றவர் வாதத் திறமையைப் பற்றி எழுதட்டும்.

கணித மேதை ராமானுஜன் 1913-ம் ஆண்டு கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். "எனக்குக் கணக்கு நன்றாக வரும்" என்று எழுதியதோடு நிற்கவில்லை. தான் கண்டுபிடித்த தேற்றங்களையும் எழுதி அனுப்பினார். அவற்றைப் பார்த்துத்தான் ஹார்டி வியந்தார். கையில் சரக்கு இருந்தால், அதைக் காட்ட வேண்டும்.

"நீயே எழுதி வா!"

"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சில ஆசிரியர்கள் சொல்வது உண்டு. இது ஆபத்து! விண்ணப்பத்தின் நடையும், கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்தால், படிப்பவருக்குச் சந்தேகம் வரும். மோசடி என்று முடிவு செய்தால், இடம் போய்விடும். பெரும்பாலும் ஆசிரியரே நேராக அனுப்பும்படிதான் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன.

அப்படிச் சொல்லும் ஆசிரியரிடம் பணிவாக, "குறிப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன, ஐயா. தாங்கள் எழுதினால்தான் மதிப்பு" என்று சொல்லலாம். பாதி வேலையை முடித்துக் கொடுத்தால், எழுத மனம் வரும்.

கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பு ஒரு தடவை நினைவுபடுத்த வேண்டும். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே ஊரில் இருந்து இன்னொரு பிள்ளை அந்த ஆசிரியரைத் தேடி வரும். அந்தப் பிள்ளைக்கும் அவர் மனம் உவந்து எழுத வேண்டும் அல்லவா?