உப்புக் கரிக்கும் முத்தம்

மஃரிப் தொழுகை முடியும் வேளையில் ராயப்பேட்டைப் பள்ளிவாசல்களின் வாயிலில், ஓதி ஊதப்பெறுவதற்காகத் தாய்மார்கள் குழந்தைகளை ஏந்தி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சமய வேறுபாடின்றி வருகிறார்கள். துஆவை நாடுவது நம் வழக்கம். மருத்துவத்தை நாடுவதும் நம் கடமையே. அக்குழந்தைகளுள் ஒன்று ஓயாது இருமுகிறதா? நன்கு உண்டும் மெலிகிறதா? முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா? இவற்றை மருத்துவரிடம் கூறத் தவறாதீர்கள்.

'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்பது பரம்பரை நோய். இந்நோயுடையோர் நுரையீரலில் சளி பசைபோல் இறுகுகிறது. அதில் கிருமிகள் குடியேறி, நுரையீரலைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. கணையமும் கெடுவதால் உண்டது செரிப்பதில்லை. காசநோய் என்றும் ஆஸ்துமா என்றும் இதனைத் தவறாக எண்ணிவிடுவது உண்டு.

1948இல் நியூயார்க் நகரைக் கடும் வெப்பம் வாட்டியபோது, சோர்ந்து விழுந்த குழந்தைகளுள் பலர் இந்நோயுடையோர் எனத் தெரிந்தது. காரணத்தை ஆராய்ந்த டாக்டர் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர், அவர்களது வியர்வையில் உப்பு மிகுதி என்பதை 1953இல் வெளியிட்டனர். இன்றைய வியர்வைச் சோதனைக்கு அதுவே அடிப்படை.

அங்கே அப்படியென்றால், சென்னையின் கத்திரி வெயிலில் இவர்கள் இழக்கும் உப்பையும் நீரையும் எண்ணிப் பாருங்கள். திருமறையின் இரண்டாம் அத்தியாயம், 185ஆம் வசனம் நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்திருக்கிறது. எனவே, ரமளானில் தண்ணீர் அருந்தும் இத்தகைய இளைஞரை ஏசாதீர்கள்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்வோம். 1989இல் கண்டறியப்பட்ட இந்நோயின் மரபணு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்று வந்தால்தான் நோய் உண்டாகும். பெற்றோர் நலமாகவே இருப்பர். ஆயினும் ஒவ்வொரு பேற்றிலும் நோய்க்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆதலின் மருமகளை மட்டும் பழிப்பது அறியாமை, அநீதியுமாகும். நெருங்கிய உறவில் மணம் பேசுவோர், குடும்பத்தில் இந்நோய் இருந்தால் முன்னதாக மருத்துவ ஆலோசனை பெறுதல் நலம்.

நாள்தோறும் சளியை வெளியேற்றும் பயிற்சி, கிருமிக்கொல்லி மருந்து, உணவுடன் செரிமான நொதி மாத்திரை, சத்துணவு ஆகியவை ஆயுளை நீட்டிக்கின்றன. மரபணுக் கோளாற்றின் விளைவைச் சீர்செய்யும் கூட்டு மருந்தொன்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலையோ ஏழைக்கு எட்டாதது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு.

அன்பர்களே! இது தொற்றுநோய் அன்று. தொழுகை வரிசையில் அருகில் நிற்கும் இந்நோயாளி இருமினால், விலகி நிற்காதீர்கள். தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள்.