வீட்டு ரவுட்டருக்குள் திருடன் புகுந்தானா?

கடையைப் பூட்டியதும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காத வியாபாரி நம்மில் இல்லை. புறக்கோட்டையில் முப்பது வருடங்களாக நானும் அப்படித்தான். ஆனால் இன்று நமது வியாபாரத்தில் பாதி, வீட்டு மேசையில் இருக்கும் கணினியில்தான் நடக்கிறது. விலை பேசுவதும் ஓர்டர் கொடுப்பதும் அதில்தான். அந்தக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அண்மையில் எனக்கு நேர்ந்த சம்பவம் பார்க்க வைத்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வாசிக்கும் ஒருவருக்காவது பயன்படட்டும்.

நான் பாத்ரூம் ஃபிட்டிங் சாமான்களை சீனாவின் குவாங்சூ நகரிலிருந்து இறக்குமதி செய்கிறேன். ஒரே வழங்குநரிடம் பல வருடப் பழக்கம். ஒருநாள் இரவு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓர்டர் இலக்கம் சரி, சாமான் விபரம் சரி, முற்பணம் 9,600 டொலர் என்பதும் சரி. ஒரு மாற்றம்தான்: "எமது கணக்கில் தணிக்கை நடக்கிறது, இம்முறை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்றிருந்தது. நான் டீ.டீ. படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டு, காலையில் வங்கிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தேன்.

படுக்கப் போகும்போது ஒரு சின்ன விடயம் உறுத்தியது. எப்போதும் என்னை "மை ஃபிரெண்ட்" என்று எழுதுபவர், அன்று "டியர் சேர்" என்று எழுதியிருந்தார். காலையில் பழைய குறிப்புப் புத்தகத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். "கணக்கு மாற்றமா? நாங்கள் ஒன்றையும் மாற்றவில்லையே!" என்றார். படிவத்தைக் கிழித்துப் போட்டேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் சென்றது.

பணம் தப்பியது. ஆனால் பயம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. என் ஓர்டர் இலக்கமும் தொகையும் வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாரமாக வீட்டு இணையம் மெதுவாக இருந்ததும், ஆளில்லாத நேரத்திலும் ரவுட்டரின் விளக்கு விடாமல் மினுங்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று முடிவு கட்டி, ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி விட்டு, கணினி வேலை தெரிந்த தங்கச்சியின் மகனை வரச் சொன்னேன்.

இஷாவுக்குப் பிறகு வந்தவன் முதலில் ரவுட்டரைப் புரட்டிப் பார்த்தான்.

"மாமா, இதன் செட்டிங்குக்குப் போகும் கடவுச்சொல் என்ன?"

"தெரியாதே மகன். பூட்டிய பொடியன் வைத்தபடிதான் இருக்கும்."

அப்படித்தான் இருந்தது. "அட்மின்" என்ற பெயருக்கு "அட்மின்" என்பதே கடவுச்சொல். ஏழு வருடமாகத் திறந்தே கிடந்த கதவு! வைஃபை கடவுச்சொல்லோ என் கடைத் தொலைபேசி இலக்கம். இணைந்திருந்தவை 17 கருவிகள். அவற்றில் எங்களுடையவை எட்டு. மற்றவை பக்கத்து வீட்டாருடையவை, மகளிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுடையவை. இணையம் மெதுவானதற்கும் விளக்கு மினுங்கியதற்கும் அதுவே காரணம். ரவுட்டர் விளக்கு மினுங்குவது மட்டும் திருட்டுக்கு அடையாளமல்ல.

அடுத்து டி.என்.எஸ். என்ற இடத்தைப் பார்த்தான். இணையத்தில் நாம் தட்டும் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தருவது அது. திருடன் அதை மாற்றி விட்டால், வங்கியின் பெயரைத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடலாம். அது மாறியிருக்கவில்லை. கணினியையும் முழுமையாகச் சோதித்தான். வைரஸ் அகப்படவில்லை. "இங்கே திருடன் வந்த தடயம் இல்லை மாமா. ஆனால் வரவே இல்லை என்று சத்தியம் பண்ணவும் ஏலாது" என்றான்.

கடைசியாக மின்னஞ்சல் கணக்கின் செட்டிங்கைத் திறந்தான். அங்கேதான் இருந்தது! "இன்வொய்ஸ்", "பேமென்ட்" என்ற சொற்கள் உள்ள கடிதமெல்லாம் நான் அறியாத ஒரு முகவரிக்கும் பிரதி போகும்படி யாரோ விதி எழுதி வைத்திருந்தார்கள். போலிக் கடிதம் வந்த முகவரியைப் பார்த்தால், ஆங்கில "எல்" எழுத்துக்குப் பதிலாக இலக்கம் 1. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பத்து வருடமாக ஒரே கடவுச்சொல்லை ஐந்தாறு இடங்களில் பாவித்திருக்கிறேன். எங்கோ ஓரிடத்தில் கசிந்தது மற்ற எல்லாவற்றையும் திறந்திருக்கும்.

ரவுட்டர் பயம் வீண் பயம் என்று சொல்ல வரவில்லை. 2018 மே மாதம், 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் ரவுட்டர்களிலும் அது போன்ற கருவிகளிலும் தீய மென்பொருள் புகுந்தது தெரிய வந்தபோது, ரவுட்டரை நிறுத்தி மீண்டும் இயக்கும்படி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குத் திருடப்பட்டதே, அந்த வங்கியின் வலையமைப்பில் பத்து டொலர் பெறுமதியான பழைய சுவிட்ச் பெட்டிகள்தான் இருந்தன என்று விசாரணையாளர் கூறியதாகச் செய்தி வெளிவந்தது. அதே திருட்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் ஏன் தப்பியது? பெறுநரின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததால், இடையில் யாரோ நின்று விசாரித்தார்கள். என்னை ஒரு "டியர் சேர்" காப்பாற்றியது.

எனவே சகோதர வியாபாரிகளே, சந்தேகம் வந்தால் இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிரதி அனுப்பும் விதிகள் இருந்தால் அழியுங்கள். கணக்கு வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பார்த்து வெளியேற்றுங்கள். பிறகு ரவுட்டர். இணைய நிறுவனத்திடம் இணைப்பு விபரங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ரீசெட் துளையை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டு வந்து, புதிய கடவுச்சொற்களைப் போடுங்கள். வெளியிலிருந்து செட்டிங்கைத் திறக்கும் வசதியை மூடுங்கள். விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை கொடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்து விட்டது என்பதையும் கவனியுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த நிமிடமே வங்கிக்கு அறிவித்தால் திருப்பி எடுக்கச் சிறிதாவது வாய்ப்புண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் ஆலோசனையும் கேட்கலாம்.

எங்கள் கடையில் இப்போது ஒரு சட்டம். கணக்கு இலக்கம் மாறியதாக யார் எழுதினாலும், அந்தக் கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, நம் பழைய புத்தகத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, குரலைக் கேட்ட பிறகே படிவம் நிரப்பப்படும். ஓர் அழைப்புக்குச் சில ரூபாய்கள்தான் செலவு. நான் அன்று இழக்கப் பார்த்தது 9,600 டொலர்.