ரெய்டு: யாரும் படிக்காத 150 மெயில்கள்

ரெய்டு என்றவுடன் நம்மில் பலருக்கு வருமான வரித்துறை சோதனைதான் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டரில் ரெய்டு என்பது வேறு. இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, ஒரே டிஸ்க் போல இயங்க வைக்கும் முறை அது. கட்டிய டிஸ்க்குகளில் ஒன்று கெட்டுப்போனாலும் டேட்டா போகாது. இந்த "போகாது" என்ற சொல்லை முழுவதுமாக நம்பியதால் என் சித்தப்பாவுக்கு ஏற்பட்ட அனுபவத்தை இந்த இதழில் சொல்கிறேன். வீட்டிலோ கடையிலோ ஒரு சின்ன சர்வர் வைக்கலாம் என்று நினைக்கும் புதியவர்களுக்கு இது உதவும்.

சித்தப்பா திண்டுக்கல்லில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள். எல்லா திருமணப் படங்களும் ஒரே சர்வரில் இருந்தன. அதில் 2 டெராபைட் டிஸ்க்குகள் மூன்று, ரெய்டு 5 முறையில் கட்டப்பட்டிருந்தன. உபுண்டு லினக்ஸ் மட்டும் தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டியில் இருந்தது. இதை அமைத்துக் கொடுத்த பையன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான்.

2017 நவம்பர் 10 காலை போன் வந்தது. "தம்பி, சர்வர் தொறக்குது, உள்ள ஒண்ணுமே இல்லப்பா" என்றார். குரலே சரியில்லை. ஆவணியில் எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்கள் அதில் இருந்தன. ஆல்பத்துக்கு படம் தேர்வு செய்ய வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்; நம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். இதற்கிடையில் ஐப்பசியில் பெண்ணின் அப்பா இறந்துவிட்டார். கேமரா கார்டுகளை எல்லாம் சித்தப்பா எப்போதோ பார்மட் செய்து அடுத்த கல்யாணங்களுக்கு எடுத்துப் போய்விட்டார். அந்த மனிதர் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும் படம் உலகத்தில் அந்த மூன்று டிஸ்க்குகளில் மட்டும்தான் இருந்தது.

ரெய்டு 5 எப்படி காப்பாற்றுகிறது?

1988-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்கு பதிலாக விலை மலிவான பல சிறிய டிஸ்க்குகளை அடுக்கிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். ரெய்டு என்ற பெயரும் 1 முதல் 5 வரையிலான லெவல்களும் அதில்தான் வந்தன.

ரெய்டு 1 புரிந்துகொள்ள எளிது. இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே டேட்டா எழுதப்படும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல என்பதால் மிர்ரர் என்பார்கள். ரெய்டு 5-ல் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 எழுதப்படும். முதல் டிஸ்க் போய்விட்டால் 12-லிருந்து 5-ஐக் கழித்து 7-ஐ மீட்டுவிடலாம். உண்மையில் நடப்பது கூட்டல் அல்ல, எக்ஸ்-ஆர் என்ற பைனரி கணக்கு. கூட்டு எண்ணும் ஒரே டிஸ்க்கில் இல்லாமல் மூன்றிலும் மாறி மாறி எழுதப்படும். அதனால் மூன்று 2 டெராபைட் டிஸ்க்குகள் போட்டால் கையில் கிடைப்பது 4 டெராபைட். ஒன்று கெட்டால் தப்பிக்கலாம். இரண்டு கெட்டால் கழிக்க எண் இல்லை.

சித்தப்பா சர்வரில் இரண்டு போயிருந்தன. ஒரே நாளில் இரண்டா என்று எனக்கு சந்தேகம்.

லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் யூட்டிலிட்டியின் பெயர் எம், டி, ஏ, டி, எம் என்ற ஐந்து எழுத்துகள். எம்டி அட்மின் என்று படித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குகளைக் கட்டுவது, பிரிப்பது, கெட்டதை நீக்குவது, புதியதைச் சேர்ப்பது எல்லாம் இதன் வேலை. பின்னணியில் உட்கார்ந்து டிஸ்க்குகளைக் கண்காணித்து, ஏதாவது நடந்தால் மெயில் அனுப்புவதும் இதுதான். மெயில் யாருக்குப் போகும் என்பது அதன் கான்பிக் பைலில் ஒரு வரியில் இருக்கும். இன்ஸ்டால் செய்தவுடன் அந்த வரியில் இருப்பது "ரூட்" என்ற பெயர். அதாவது அந்த சர்வரின் தலைமை யூசர். மெயில் வெளியே எங்கும் போகாது. அதே சர்வருக்குள் ஒரு பைலில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த பைலைத் திறந்தேன். முதல் மெயில் 2017 ஜூன் 11 தேதியிட்டது. ஒரு டிஸ்க் பெயில் ஆகிவிட்டது என்றது. மறுநாளிலிருந்து தினமும் ஒன்று, ஒரு டிஸ்க் குறைவாக ஓடுகிறது என்று. இப்படி 150-க்கும் மேற்பட்ட மெயில்கள். பாவம் அந்த யூட்டிலிட்டி, தன் கடமையை ஒரு நாள் தவறாமல் செய்திருக்கிறது. திண்ணையில் போட்ட தபால் போல அது கிடந்தது. ஐந்து மாதம் ஒரு டிஸ்க் இல்லாமலே கடை நடந்திருக்கிறது. வேகம் சற்று குறைந்திருக்கும், யாருக்கும் தெரியவில்லை.

மீட்பு

இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும். பலர் செய்யும் தவறு, அதே டிஸ்க்குகளை வைத்து புதிதாக அர்ரே உருவாக்கும் கட்டளையைக் கொடுப்பது. வரிசை மாறினாலோ, லெவல் மாறினாலோ இருக்கும் டேட்டாவின் மேல் எழுதிவிடும். பைல் சிஸ்டத்தை சரிபார்க்கும் கட்டளையும் அந்த நேரத்தில் ஆபத்துதான். நான் முதலில் சர்வரை யாரும் தொடாதபடி செய்தேன். சித்தப்பாவையும் சேர்த்துத்தான்.

எம்டி அட்மினில் "எக்ஸாமின்" என்ற கட்டளை உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருக்கும் ரெய்டு குறிப்பைப் படித்துக் காட்டும், எதையும் மாற்றாது. அதில் "ஈவென்ட்ஸ்" என்ற எண்தான் முக்கியம். அர்ரேயின் நிலை மாறும்போதெல்லாம் இந்த எண் கூடும். ஒரு டிஸ்க் கழன்றுகொண்டால் அதில் மட்டும் எண் அப்படியே நின்றுவிடும். இங்கே இரண்டு டிஸ்க்குகளில் எண் 48 ஆயிரத்தைத் தாண்டி இருந்தது, இரண்டுக்கும் சின்ன வித்தியாசம்தான். மூன்றாவதில் 9 ஆயிரம் சொச்சம். ஜூனில் போனது அதுதான். அந்த டிஸ்க்கை சேர்த்துக் கட்டினால் ஜூனுக்குப் பிறகு எழுதிய எல்லாம் குழம்பிவிடும். ஆவணிக் கல்யாணம் அதில் கிடையவே கிடையாது. அதை ஓரமாக எடுத்து வைத்தேன். மற்ற இரண்டையும் வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அதில் ஒன்று முந்தைய நாள் இரவு பேட் செக்டார் வந்து விழுந்தது.

மதுரைக்குப் போய் 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டும், 4 டெராபைட் யுஎஸ்பி டிரைவ் ஒன்றும் வாங்கி வந்தோம். பழைய இரண்டு டிஸ்க்குகளையும் புதியவற்றில் அப்படியே நகல் எடுத்தேன். இதற்கு டிடி ரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. சாதாரண காப்பி, படிக்க முடியாத இடம் வந்தால் எர்ரர் கொடுத்து நின்றுவிடும். இது அந்த இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்ப வந்து கெட்ட இடங்களை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் பைலில் குறித்து வைப்பதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். ஒன்றே ஒன்று கவனம். கட்டளையில் முதலில் எழுதுவது மூலம், அடுத்து எழுதுவது நகல். மாற்றி எழுதினால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் நகலாகிவிடும். என்டர் தட்டுவதற்கு முன் டிஸ்க்கின் சீரியல் நம்பரை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நல்ல டிஸ்க் அன்று மாலைக்குள் முடிந்தது. கெட்டது இரவு முழுவதும், மறுநாள் மதியம் வரையும் ஓடியது. சித்தப்பா கடையை விட்டு வீட்டுக்குப் போகவில்லை. சித்தி டிபன் கேரியரில் சாப்பாடு அனுப்பினார். கடைசியில் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடம்தான் படிக்க முடியாமல் நின்றது.

பழைய டிஸ்க்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, நகல்கள் இரண்டை மட்டும் மாட்டி, அசெம்பிள் கட்டளையை "போர்ஸ்" என்ற ஆப்ஷனுடன் கொடுத்தேன். கொஞ்சம் எண் வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை, கட்டு என்று பொருள். ஒரு டிஸ்க் குறைவாக அர்ரே எழுந்தது. ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்தேன். போல்டர்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் யுஎஸ்பி டிரைவுக்கு காப்பி செய்தோம். மொத்தம் 31 படங்கள் கெட்டிருந்தன. பாதிப் படத்துக்குக் கீழே சாம்பல் நிறம். அதில் ஒன்பது அந்தக் கல்யாணத்தினுடையவை. தாரை வார்க்கும் படங்களில் ஒன்று கெட்டிருந்தது, அடுத்த வினாடியில் எடுத்தது நன்றாக இருந்தது.

புதிய அமைப்பு

இப்போது டேட்டா யுஎஸ்பியில் பத்திரம். அந்த இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகளையும் துடைத்துவிட்டு ரெய்டு 1 ஆகக் கட்டினேன். கையில் கிடைக்கும் இடம் அதே 4 டெராபைட்தான். வீட்டுக்கும் சிறு கடைக்கும் இரண்டு டிஸ்க் மிர்ரர் போதும் என்பது என் கருத்து. ஒரு டிஸ்க்கை மட்டும் வைத்தே டேட்டாவைப் படித்துவிடலாம். கணக்குப் போட வேண்டியதில்லை.

உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸில் இந்த யூட்டிலிட்டியை ஆப்ட் மூலம் ஒரே வரியில் இன்ஸ்டால் செய்துவிடலாம். கிரியேட் கட்டளையில் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: அர்ரேயின் பெயர், லெவல், எத்தனை டிஸ்க், எந்தெந்த டிஸ்க். உடனே இரண்டையும் ஒன்றாக்கும் வேலை பின்னணியில் தொடங்கும். அது முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, பார்மட் செய்து பயன்படுத்தலாம். அர்ரேயின் விவரத்தை கான்பிக் பைலில் சேமித்து, இனிட்ராம்எப்எஸ்சையும் அப்டேட் செய்ய மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் செய்தபின் அர்ரே வேறு பெயரில் வந்து உங்களைத் திகைக்க வைக்கும்.

நிலையைப் பார்க்க ப்ராக் டைரக்டரியில் எம்டிஸ்டாட் என்ற பைல் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் நலமென்றால் அடைப்புக்குறிக்குள் இரண்டு "யூ" எழுத்துகள் இருக்கும். ஒன்று போனால் அதன் இடத்தில் ஒரு அடிக்கோடு. இந்த அடிக்கோடு ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே இருந்திருக்கிறது.

கட்டளை டைப் செய்யத் தயங்குபவர்கள் வெப்மின் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் சர்வரின் முகவரியுடன் 10000 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் திறக்கும். அதில் லினக்ஸ் ரெய்டு என்ற பகுதியில் மவுஸ் கிளிக்கிலேயே பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, 2012-ல் விண்டோஸ் 8 உடன் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. அதில் டூ-வே மிர்ரர் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து மெயில். ரூட் இருந்த வரியில் என் முகவரியைப் போட்டேன். சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பும் மெயிலை ஜிமெயில் பெரும்பாலும் ஏற்காது. அதனால் கூகுள் அக்கவுண்டில் டூ ஸ்டெப் வெரிபிகேஷனை ஆன் செய்து, ஆப் பாஸ்வேர்டு ஒன்று உருவாக்கி, அதன் வழியாக அனுப்பும்படி அமைக்க வேண்டும். மானிட்டர் கட்டளையில் "டெஸ்ட்" ஆப்ஷன் கொடுத்தால் ஒரு சோதனை மெயில் வரும். அது உங்கள் போனில் வந்து சேர்ந்தால்தான் இன்ஸ்டாலேஷன் முடிந்ததாக அர்த்தம்.

படங்களை ஏற்றுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டமும் பார்த்தோம். ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே பெயில் என்று குறித்து, நீக்கி, மறுபடி சேர்த்தேன். சித்தப்பாவையும் ஒரு முறை செய்ய வைத்தேன். இரண்டு டிஸ்க்கின் மேலும் சீரியல் நம்பரை பெரிதாக எழுதி ஒட்டினோம். கெட்டதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றியவர்கள் நிறைய.

"அப்ப இனிமே தனியா காப்பி எடுக்க வேண்டாம்ல?" என்று கேட்டார். வேண்டும். ஒரு போல்டரைத் தவறி டெலிட் செய்தால் மிர்ரரில் இரண்டு பக்கமும் அதே நொடியில் டெலிட் ஆகும். வைரஸ் வந்தாலும் அப்படியே. அந்த யுஎஸ்பி டிரைவ்தான் பேக்கப். வாரம் ஒரு முறை காப்பி எடுத்து வீட்டு பீரோவில் வைக்கிறார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. சித்தப்பா மெயில் பார்ப்பதே இல்லை. கான்பிக் பைலில் மெயில் முகவரி போலவே "புரோகிராம்" என்று ஒரு வரி போடலாம். ஏதாவது நடந்தால் நாம் சொல்லும் புரோகிராமை அது ஓட்டும். சர்வரில் ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, என் குரலையே பதிவு செய்து வைத்தேன்.

2021-ல் ஒரு நாள் காலை பதினோரு மணி. கடையில் ஒருவர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு உட்கார்ந்திருக்கிறார். "சித்தப்பா, ஒரு டிஸ்க் போச்சு, எனக்கு போன் பண்ணுங்க" என்று உள்ளேயிருந்து என் குரல். வந்தவர் பயந்து எழுந்துவிட்டாராம். சித்தப்பா அவரை உட்கார வைத்து படத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் போன் செய்தார். மாலையில் புது டிஸ்க் மாட்டினோம். ஒன்பது மணி நேரத்தில், விடியும் முன், இரண்டு யூவும் வந்துவிட்டன.