மஞ்சள் கடிதாசும் மாறும் வருமானமும்

"அவன் மஞ்சள் கடிதாசு கொடுத்துவிட்டான்" என்று நம்மவர்கள் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது, அச்சொல்லில் ஏளனம் பாதியும் அருவருப்புப் பாதியுமாகக் கலந்திருக்கும். கடனில் மூழ்கித் தத்தளிக்கும் மனிதனுக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் ஒரு வாயிலை நாம் அவமானச் சின்னமாக்கி வைத்திருக்கிறோம். இதன் பயன் யாது? யோக்கியன் அவ்வாயிலை அணுகக் கூசி, வட்டிக்கு வட்டி கொடுத்து அழிகிறான். அயோக்கியனோ சொத்தையெல்லாம் மைத்துனன் பேரில் எழுதிவைத்துவிட்டுச் சாவதானமாக உள்ளே நுழைகிறான். இந்நிலை மாறவேண்டுமாயின், திவால் சட்டம் யாருக்கு, எப்பொழுது உரியது என்பதைப் பொதுஜனங்கள் அறிந்திருப்பது அவசியம்.

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பாலவாக்கத்தை நேயர்கள் அறிவார்கள். 2011-ல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர் அது. கடலோரத்தில் மீனவர் குப்பம். சாலையோரத்தில் மாடிக் குடியிருப்புகள். குப்பத்திலிருந்து விசைப்படகில் பங்குக்குச் செல்பவனுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கடல் மூடிக்கிடக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால் சிறு படகும் கரையேறிவிடும். மாடியில் வசிப்பவனோ பெருங்குடிப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இன்று கைநிறையச் சம்பளம் வாங்குகிறான். நாளை ஒரு கடிதத்தில் அது நின்றுபோகலாம். இருவர் வீட்டிலும் வருமானம் மாறுகிறது. கடன் தவணை மட்டும் மாறுவதில்லை. இத்தகைய குடும்பத்தின் ஸ்திதியைச் சட்டம் எந்த நாளை வைத்து அளக்கிறது? இதுவே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

தனிமனிதர் திவாலுக்கு ஆதாரமாக நிற்பவை அந்நிய ஆட்சி விட்டுச்சென்ற இரண்டு சட்டங்கள். பழைய மாகாணத் தலைநகரங்களுக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம். அவற்றிற்கு வெளியே 1920-ஆம் வருஷத்துச் சட்டம். எல்லைக்கு அருகிலுள்ள ஊரார், எந்தக் கோர்ட்டில் மனுக் கொடுப்பது என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் கடனாளி தானே மனுச் செய்வதற்கு வேண்டிய தகுதி ஏறக்குறைய ஒன்றுதான்: கடனைத் தீர்க்க இயலாமை, அதனுடன் ரூபாய் 500-க்குக் குறையாத கடனோ, டிக்ரியின்பேரில் கைதோ, ஜப்தி உத்தரவோ இருக்கவேண்டும். அக்காலத்தில் 500 ரூபாய் ஒரு குடும்பத்தின் ஆஸ்தி. இன்று அது ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு. ஆகவே நுழையும் வாயில் அகலமானது. வருமான உச்சவரம்பு எதுவும் அங்கே கிடையாது.

ஆனால் வெளியேறும் வாயில் மிகக் குறுகியது. 1920-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கடனாளியின் ஆஸ்தி ரூபாய்க்கு எட்டணா வீதமாவது தேறாவிடில் முழு விடுதலை கிடையாது. அக்குறைவு தன் பொறுப்பிற்கு உட்படாத காரணங்களால் நேர்ந்தது என்று அவன் கோர்ட்டுக்குத் திருப்தியாக மெய்ப்பித்தால் மாத்திரமே இவ்விதி தளரும். திருப்பித் தருவோம் என்ற நியாயமான நம்பிக்கையின்றி வாங்கிய கடன், சூதாட்டம், தகாத ஆடம்பரம் ஆகியவையும் விடுதலைக்குத் தடைகள். வருமானம் மாறும் குடும்பத்திற்கு இங்கேதான் முன்யோசனை வேண்டும். வேலை போன கடிதம், சம்பளச் சீட்டு, பாங்குக் கணக்கு, படகுப் பங்கின் வரவு செலவு ஆகிய யாவும் காகிதமாகக் கையில் இருக்கவேண்டும். வருமானம் விழுந்த கதையை வாயால் சொன்னால் கோர்ட்டு கேட்டுக்கொள்ளும். காகிதத்தைக் காட்டினால்தான் நம்பும்.

இரண்டாவதாக, மனுவுக்கு முன் செய்யத் தகாதவை சில உண்டு. நல்லெண்ணமும் தக்க பிரதியும் இன்றிச் செய்த சொத்து மாற்றத்தை, இரண்டு வருஷத்திற்குள் மனு தாக்கலாகித் திவால் தீர்ப்பானால், கோர்ட்டு ரத்து செய்யலாம். கடன்காரர்களுள் ஒருவனுக்கு மட்டும் சலுகை காட்டி, மனுவுக்கு முந்திய மூன்று மாதத்திற்குள் பணம் கொடுத்தால் அதுவும் செல்லாது. பழைய தவணையைக் கட்டப் புதுக்கடன் வாங்குவது எல்லாவற்றினும் பெரிய பிழை. சம்பளம் குறைந்த மாதத்திலேயே கடன்காரர்களை அணுகித் தவணையை மாற்றக் கேட்பதே விவேகம்.

மூன்றாவதாக, சம்பளம் முழுவதும் பறிபோய்விடும் என்று அஞ்சுவோர் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைக் கவனிக்க வேண்டும். ஜீவனாம்ச டிக்ரி நீங்கலாக, சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு உட்படா. மாதம் 31,000 வாங்குபவனுக்கு 21,000 காப்பாகும். அது 16,000-ஆகக் குறைந்தால் காப்பு 11,000. கூலியாளின் கூலி, தொழிலாளியின் கருவிகள், சமையற் பாத்திரங்கள், மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத ஆபரணம் ஆகியவற்றைத் தொடவே முடியாது. மேலும், கணவன் கடனுக்கு மனைவி கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றிருந்தாலன்றி, அவள் சம்பாத்தியம் அதற்கு உட்படாது. ஆனால் திவால் தீர்ப்புக்கும் விடுதலைக்கும் இடையில் கடனாளிக்கு வந்துசேரும் சொத்து ரிசீவரைச் சாரும். ஆதலால், வரும் மாதமே நல்ல வேலை கிடைக்கும் என்றிருப்பவன் மனுவுக்கு ஓடுவதைவிட ராஜிக்கு முயல்வதே மேல்.

சுதந்திர இந்தியா 2016-ல் புதிய திவால் சட்டத் தொகுப்பொன்றை இயற்றியது. வருஷ வருமானம் 60,000, ஆஸ்தி 20,000, தகுந்த கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாத, சொந்த வீடில்லாத ஏழைக்குக் கடனை அறவே நீக்கிப் "புதிய தொடக்கம்" அளிக்கும் ஏற்பாடு அதில் உண்டு. மனுவுக்குப் பின் பொருள் நிலை மாறினால் அதைத் தெரிவிக்கவேண்டும். மாறுதலால் தகுதி போய்விட்டால் உத்தரவையே ரத்து செய்யலாம். ஆனால் 2019 டிசம்பர் 1-ல் தனிமனிதர் பகுதி அமலுக்கு வந்தபோது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே வந்தது. ஏழைக்கென எழுதிய அத்தியாயம் காகிதத்திலேயே தங்கிவிட்டது. முதலாளிக்குத் திறந்த கதவு மீனவனுக்குத் திறக்கவில்லை!

திறந்தாலும் அந்த அளவு போதுமா? மாதம் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டினால் ஒருவன் ஏழையல்லனாகிவிடுவானா? அமெரிக்காவில் 2005-ஆம் வருஷத்துச் சட்டம், மனுவுக்கு முந்திய ஆறு மாத வருமானத்தின் சராசரியை, அதே அளவுள்ள குடும்பங்களின் நடுத்தர வருமானத்தோடு ஒப்பிடுகிறது. நேற்று வேலை இழந்தவனுக்கு முந்தாநாள் சம்பளம் தடையாக நிற்கும் குறை அதில் உண்டு. ஆயினும் அளவுகோல் குடும்பத்தை நோக்குகிறது, காலத்தோடு நகர்கிறது. இங்கிலாந்தில் சிறு கடனாளிகளுக்கான நிவாரணத்தில், செலவு போக மாதம் 75 பவுனுக்கு மேல் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறார்கள். கடன் வரம்பை 2024-ல் 50,000 பவுனாக உயர்த்தினார்கள். நம்முடைய எண்களோ 2016-ல் எழுதியபடியே உறைந்து கிடக்கின்றன.

இத்துறையில் நமக்குப் பழக்கமில்லாமலில்லை. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938 மார்ச்சோடு முடிந்த இரண்டு வருஷங்களிலும் வருமானவரி விதிக்கப்பட்டவனைத்தான் விலக்கியது. ஒரே வருஷத்து விளைச்சலைக் கண்டு ஒருவனைச் செல்வன் என்று முடிவுகட்டலாகாது என்ற விவேகம் அவ்விதியில் காணப்படுகிறது.

1980-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கையில் பொருளில்லாமையை மட்டும் காரணமாக்கிக் கடனாளியைச் சிறையிலடைப்பது அரசியல் சாசனத்திற்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். வறுமை குற்றமல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். கோர்ட்டு ஏற்ற அந்தத் தர்மத்தை ஊர் வாய் இன்னும் ஏற்கவில்லை.

தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். புதிய தொடக்க அத்தியாயத்தை அமலுக்குக் கொண்டுவரக் கிளர்ச்சி செய்யுங்கள். அதன் வரம்புகளை விலைவாசிக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்ப மாற்றக் கோருங்கள். பருவத்தால் ஏறியிறங்கும் வருமானத்தைச் சராசரியாகக் கணக்கிடக் கேளுங்கள். அதுவரை, உங்கள் தெருவில் கடனால் தலைகுனிந்து நடப்பவனைக் கண்டால் ஏளனம் செய்யாது, அவன் காகிதங்களைச் சேர்த்துக்கொடுத்து ஒரு நல்ல வக்கீலிடம் அழைத்துச் செல்லுங்கள். அவமானத்திற்கஞ்சி ஒரு குடும்பம் அழிந்தபின் அநுதாபக் கூட்டம் போடுவதைவிட அது நூறு மடங்கு மேலான தேசசேவையாகும்.