இரண்டு ஆர்மோனியங்களின் வாக்குவாதம்

மாமல்லபுரம் கடற்கரையில் கால் மணி நேரம் நின்று அலைகளைக் கவனியுங்கள். சில அலைகள் உயர்ந்து வரும், அடுத்துச் சில தணிந்து வரும், மீண்டும் உயரும். தணியும் நேரம் பார்த்துத்தான் மீனவர் படகைத் தள்ளுவர். சற்றே வேறுபட்ட அதிர்வெண்கள் உடைய அலைகள் கலந்து வருவதே இதற்குக் காரணம். முகடும் முகடும் சேர்ந்தால் ஏற்றம்; முகடும் அகடும் சேர்ந்தால் தணிவு. ஒலியிலும் இவ்வாறே நிகழும். அதற்கு விம்மல் என்று பெயர். இந்த விம்மலைக் கொண்டே ஒரு வேடிக்கையான இருவர் இசையை அமைக்கலாம்.

செங்கல்பட்டு வட்டாரத் தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே பித்தளை நாக்கு உண்டு. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பகுதியைச் சுரண்டினால் இறங்கும். கடையில் வாங்கும் பெட்டியில் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி 12 சமவிகிதப் படிகளாக இருக்கும்; ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல் 1.0595 மடங்கு. எந்தக் கட்டையையும் ஸட்ஜமாகக் கொள்ளலாம் என்பது இதன் வசதி. ஆனால் காதுக்கு இனிய எளிய விகிதங்கள் இதில் சரியாக விழுவதில்லை. இந்தக் குறையும், கமகம் பேசாத குறையும் சேர்ந்து 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கக் காரணமாயின. தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூத்து மேடையோ பெட்டியைக் கைவிடவில்லை!

குறையையே விளையாட்டாக்கினால் என்ன? ஒரு பெட்டியை அப்படியே விடுங்கள். மற்றதன் நாக்குகளைச் சுரண்டி எளிய விகிதங்களுக்குக் கொண்டுவாருங்கள் (பழகிய கை வேண்டும், அதிகம் சுரண்டினால் நாக்கு போயிற்று). இரண்டுக்கும் ஸட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்போம். மோகனத்தை எடுத்துக்கொள்வோம். காந்தாரம் 5:4 விகிதத்தில் 300. மற்றப் பெட்டியில் 302.4. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வினாடிக்கு 2.4 விம்மல்கள். தைவதம் 400, 403.6, இங்கே 3.6 விம்மல்கள். ரிஷபத்தில் 0.6 மட்டுமே. பஞ்சமத்திலோ 0.4, ஏறக்குறைய சமாதானம்.

இனி மெட்டமைக்கலாம். இரண்டு விசைப்பலகைகளுக்கு எழுதுவது புதிதன்று. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் கைல்ஸ் ஃபார்னபி என்பவர், வர்ஜினல் என்னும் சிறு தந்திக் கருவிகள் இரண்டுக்காக ஒரு குட்டி உருப்படி எழுதினார். ஒருவர் மெட்டை எளிமையாக வாசிக்க, மற்றவர் அதையே குறுஞ்சுரங்களால் அலங்கரிப்பார். நமக்கும் அந்த வழி உதவும். வினாடிக்கு எட்டு சுரமாக இருவரும் ஓடினால் விம்மலுக்கு நேரமில்லை. சண்டை வெளியே தெரியாது. ஓடிவந்து திடீரெனத் தைவதத்தில் இரண்டு வினாடி நில்லுங்கள். ஏழு முறை ஒலி நடுங்கும்! ஒருவர் பஞ்சமத்துக்கு நழுவட்டும். மற்றவர் சிறிது பிடிவாதம் பிடித்துப் பின்னால் வரட்டும். அடுத்த முறை காந்தாரத்தில் நின்றால், அதே சண்டை சற்று மெதுவாக.

துருத்தியை இருவரும் ஒரே சீராக இயக்க வேண்டும். காற்றழுத்தம் மாறினாலும் சுருதி சிறிது நகரும். விம்மல் கணக்கும் அதனோடு மாறிவிடும்.